பெரியப்பா ஏன் மாடிப்படி மட்டும் ஏறுறார்?

(ஒலி வடிவத்திலிருந்து சுருக்கித் தொகுக்கப்பட்டது)

போன தீபாவளிக்கு ஊருக்குப் போனப்போ நடந்த ஒரு விஷயத்துல இருந்து இந்த எபிசோடை ஆரம்பிக்கிறேன்.

எங்க ஊரு சின்னமனூர் பக்கம். தேனியில இருந்து கம்பம் போற ரோட்டுல, முல்லைப் பெரியாறு பாயுற ஊரு. ரெண்டு பக்கமும் மலை, நடுவுல நெல்லு, வாழை, தென்னை. இன்னும் கொஞ்சம் தெக்க போனா திராட்சைப் பந்தல். அங்கதான் பெரியப்பா இருக்கார். 68 வயசு. ரெண்டு வருஷமா பார்க்கின்சன். நம்ம பக்கம் நடுக்குவாதம், உதறுவாதம்னு சொல்லுவாங்க.

தீபாவளி அன்னைக்குக் காலையில அவர் உள் ரூம்ல இருந்து ஹாலுக்கு வர்றார். நிலைப்படிகிட்ட வந்ததும் கால் தரையோட ஒட்டிக்கிச்சு. உடம்பு முன்னாடி சாயுது, கால் மட்டும் வரலை. பெரியம்மா ஓடிப் போய்க் கையைப் பிடிச்சு இழுத்தாங்க. அரை மணி நேரம் கழிச்சுப் பார்த்தா, அதே மனுஷன் தண்ணித் தொட்டி நிரம்பிருச்சான்னு பார்க்க மொட்டை மாடிக்குப் போயிட்டிருக்கார். யாரும் பிடிக்கலை. படிப்படியா, நிதானமா ஏறுறார்.

அவர் மகன், எனக்கு அண்ணன், சிரிச்சுக்கிட்டே சொன்னான்: "பாத்தியா, மாடி ஏற முடியுது, வாசப்படி தாண்ட முடியாதாம். எல்லாம் நம்மள வேலை வாங்கத்தான்." அது பெரியப்பா காதுல விழுந்துச்சு. அவர் ஒண்ணும் சொல்லலை. ஆனா அன்னைக்கு அப்புறம் அவர் மாடிப்பக்கமே போறதில்லைன்னு பெரியம்மா பிறகு போன்ல சொன்னாங்க.

அண்ணன் கெட்டவன் இல்லை. நானும் அன்னைக்கு அப்படித்தான் நினைச்சேன். சென்னைக்குத் திரும்பி வந்து இதைப் பத்திப் படிக்க ஆரம்பிச்ச பிறகுதான், நாங்க எவ்வளவு பெரிய தப்பு பண்ணிட்டோம்னு புரிஞ்சுது. பெரியப்பா நடிக்கலை. அவர் மாடி ஏறுனதுலதான் அவருக்கான பயிற்சியோட ரகசியமே இருக்கு. அதைத்தான் இன்னைக்குப் பேசப் போறோம்.

தானா நடக்கிற நடை

நீங்க நடக்கும்போது "இப்ப இடது கால், இப்ப வலது கால்"னு யோசிக்கிறீங்களா? இல்லை. போன் பேசிக்கிட்டே, ஆட்டோவைப் பார்த்துக்கிட்டே நடக்கிறீங்க. சட்டைப் பட்டன் போடுறது, படுக்கையில புரண்டு படுக்கிறது, கையெழுத்துப் போடுறது எல்லாமே அப்படித்தான். ஆயிரம் தடவை செஞ்சு பழகி, தானா ஓடுற வேலைகள்.

இப்படித் தானா ஓடுறதை நடத்துறது மூளையோட ஆழத்துல இருக்கிற சில நரம்பணுக் கூட்டங்கள். அதுக்கு டோபமைன்ங்கிற வேதிப்பொருள் வேணும். பார்க்கின்சன்ல அந்த டோபமைனைத் தயாரிக்கிற செல்கள் கொஞ்சம் கொஞ்சமா அழியுது. கை நடுக்கமோ நடைத் தளர்ச்சியோ வெளியில தெரியும்போது, அதுல பெரும்பகுதி ஏற்கெனவே போயிருக்கும். 1817-ல ஜேம்ஸ் பார்க்கின்சன்ங்கிற லண்டன் மருத்துவர் இந்த நோயைப் பத்தி முதல்ல விளக்கமா எழுதினார். மொத்தம் 6 பேரைப் பத்தி எழுதியிருக்கார். அதுல சிலரைத் தெருவுல பார்த்தே கவனிச்சிருக்கார். அந்த அளவுக்கு இந்த நோய் நடையிலேயே தெரியும்.

எங்க ஊர்ப் பாஷையில சொல்றேன். வயலுக்கு எப்பவும் ஒரே வாய்க்கா வழியாத்தான் தண்ணி வரும். மடையைத் திறந்துவிட்டா போதும், தானா பாயும். அந்த வாய்க்கா தூர்ந்து போச்சுன்னா? பக்கத்து வாய்க்கால்ல இருந்து வெட்டிவிட்டுப் பாய்ச்சலாம். ஆனா அதுக்கு மம்பட்டியோட பக்கத்துலயே நிக்கணும், கவனிச்சுக்கிட்டே இருக்கணும். பார்க்கின்சன்ல அடைபடுறது அந்தத் தானா பாயுற வாய்க்காதான். "இதைச் செய்யப் போறேன்"னு மனசு வச்சு, கண்ணால பார்த்து, கவனத்தோட செய்யுற இன்னொரு பாதை பெரும்பாலும் திறந்துதான் இருக்கு.

மாடிப்படியில நடந்தது இதுதான். சமதரையில காலுக்கு எந்தக் குறியும் இல்லை, தானாத்தான் நடக்கணும். படியில ஒவ்வொரு எட்டுக்கும் கண்ணு முன்னாடி ஒரு விளிம்பு தெரியுது. "இதைத் தாண்டு"னு மூளைக்குச் செய்தி வெளியில இருந்து வருது, அதனால இன்னொரு வாய்க்கா வழியா தண்ணி பாயுது. நிலைப்படியில நடக்கிறது வேற. இடம் குறுகும்போது, திரும்பும்போது, அவசரப்படும்போது கால் உறையுறது இந்த நோய்ல ரொம்பச் சகஜம்.

இன்னும் ஆச்சரியமான ஒரு உதாரணம். நெதர்லாந்துல 58 வயசுக்காரர் ஒருத்தர். பார்க்கின்சன் வந்து 10 வருஷம். நாலு எட்டு எடுத்து வச்சா விழுந்துடுவார். ஆனா சைக்கிள்ல ஏத்திவிட்டா சாதாரணமா ஓட்டிட்டுப் போறார். இறங்கினதும் மறுபடி கால் உறைஞ்சிடுது. டாக்டர் பாஸ் ப்ளூமோட குழு 2010-ல இதை வீடியோவோட ஒரு மருத்துவ இதழ்ல வெளியிட்டாங்க. அவரையும் நாம வீட்ல பார்த்திருந்தா "நடிக்கிறார்"னுதான் சொல்லியிருப்போம்.

மாத்திரையும் வேணும், பயிற்சியும் வேணும்

ஒண்ணை முதல்லயே தெளிவாச் சொல்லிடறேன். பயிற்சி மாத்திரைக்குப் பதில் இல்லை. லெவோடோபாங்கிற மருந்துதான் இன்னைக்கும் முக்கியமான சிகிச்சை. மூளைக்குள்ள போய் அது டோபமைனா மாறுது.

இதுல நம்ம ஊர்க் கதை ஒண்ணும் இருக்கு. பூனைக்காலி விதையில இந்த லெவோடோபா இயற்கையாவே இருக்குன்னு 1937-ல கட்டுரை வெளியிட்டவங்க தாமோதரன், ராமசாமின்னு ரெண்டு பேர். சென்னைப் பல்கலைக்கழக ஆய்வகத்துல நடந்த வேலை. அது பார்க்கின்சனுக்கு மருந்தாப் பயன்பட்டதெல்லாம் 1960-கள்லதான். இதைக் கேட்டுட்டு யாரும் நாட்டு மருந்துக் கடையில பூனைக்காலிப் பொடி வாங்கி அப்பாவுக்குக் கொடுத்துடாதீங்க. ஒரு ஸ்பூன்ல எவ்வளவு மருந்து இருக்குன்னு தெரியாது. ஏற்கெனவே சாப்பிடுற மாத்திரையோட சேர்ந்தா அளவு கூடிப் போயிடும்.

மாத்திரை விறைப்பையும் மந்தத்தையும் நல்லாக் குறைக்கும். ஆனா உடம்போட பேலன்ஸ், கால் உறையுறது, விழுறது, இதுக்கெல்லாம் அது மட்டும் போதாது. அதோட, சும்மா உக்கார்ந்தே இருந்தா தசை வலு குறையும். வலு குறைஞ்சா விழுவோம்ங்கிற பயம். பயத்துல இன்னும் உக்காருவாங்க. பெரியப்பாவுக்கு நடந்தது இதுதான். "நீங்க உக்காருங்க, நான் பாத்துக்கிறேன்"னு நாங்க எல்லாருமே பாசத்துல சொன்னோம். செருப்பு மாட்டிவிட்டோம், சட்டை போட்டுவிட்டோம், சோத்தைப் பிசைஞ்சு கொடுத்தோம். நோய் எடுத்தது பாதி, நாங்க எடுத்தது மீதி.

'பெருசா' செய்யுறது

இந்த நோய்ல இன்னொரு சிக்கல், அளவு தெரியாமப் போறது. எட்டு சின்னதாகும், கையெழுத்து சின்னதாகும், குரல் சன்னமாகும். ஆனா அவங்களுக்கு அது சரியான அளவுன்னே தோணும். "சத்தமாப் பேசுங்க"ன்னு சொன்னா, "கத்திக்கிட்டுத்தானே இருக்கேன்"னு கோபப்படுவாங்க. உண்மையிலேயே அவங்களுக்கு அப்படித்தான் கேக்குது.

அதனால வந்ததுதான் அசைவுகளைப் பெருசாச் செய்யுற பயிற்சி. எல்எஸ்விடி பிக்னு பேரு. முதல்ல குரலுக்குன்னு வந்த ஒரு பயிற்சி முறையில இருந்து உருவானது. கையை முழுசா நீட்டு, எட்டை முழுசா வை, செய்யுறவருக்கே "இது ரொம்ப ஓவரா இருக்கே"னு தோணணும். வெளியில இருந்து பார்க்கிறவங்களுக்கு அது சாதாரண நடையாத் தெரியும். வாரத்துக்கு 4 நாள், தலா 1 மணி நேரம், 4 வாரம். மொத்தம் 16 தடவை.

2010-ல பெர்லின்ல 60 பேரை மூணு குழுவாப் பிரிச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க. ஒரு குழுவுக்கு இந்தப் பெரிய அசைவுப் பயிற்சி, பக்கத்துல ஒருத்தர் நின்னு சொல்லித் தந்தார். இன்னொரு குழுவுக்குக் கைக்கோல் ஊன்றி வேகமா நடக்கிற பயிற்சி. மூணாவது குழுவுக்கு ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுத்துட்டு, "வீட்ல நீங்களே செய்யுங்க"ன்னு விட்டுட்டாங்க. முதல் குழுவோட அசைவு மதிப்பெண் நல்லா முன்னேறுச்சு. மத்த ரெண்டு குழுவுல முன்னேற்றம் இல்லை. சின்ன ஆய்வுதான். ஆனா நான் அதுல இருந்து எடுத்துக்கிட்டது, "தினமும் பண்ணுங்கப்பா"ன்னு வாட்ஸாப்ல வீடியோ அனுப்பினா வேலை முடியலைங்கிறது. யாராவது பக்கத்துல நின்னு "இன்னும் பெருசா"ன்னு சொல்லணும்.

வீட்டு வேலையே பயிற்சி

உடற்பயிற்சின்னதும் ஜிம்மை நினைக்காதீங்க. எந்த வேலை தடுமாறுதோ, அந்த வேலையையே துண்டு துண்டாப் பிரிச்சுப் பழகுறதுதான் இங்க முக்கியம்.

சேர்ல இருந்து எந்திரிக்கிறது: சுவர் ஓரமா, நகராத கனமான சேர். இடுப்பை முன்னாடி விளிம்புக்குக் கொண்டுவரணும். பாதத்தை முட்டிக்குக் கொஞ்சம் பின்னாடி இழுத்துக்கணும். மூக்கு கால் விரலுக்கு மேல வர்ற அளவுக்குக் குனிஞ்சு, "ஒண்ணு, ரெண்டு, மூணு"ன்னு சத்தமா எண்ணி எந்திரிக்கணும். ஒரு வேளைக்கு அஞ்சு தடவையில ஆரம்பிச்சுக் கூட்டலாம்.

திரும்புறது: நின்ன இடத்துலேயே காலைப் பின்னித் திரும்பும்போதுதான் நிறையப் பேர் விழுறாங்க. மாட்டு வண்டி திரும்புற மாதிரி, கொஞ்சம் இடம் எடுத்து வளைஞ்சு திரும்பணும்.

நிலைப்படி: கால் உறைஞ்சா முதல் விதி, யாரும் இழுக்கக் கூடாது. இழுத்தா உடம்பு முன்னாடி போகும், கால் வராது, ரெண்டு பேரும் விழுவோம். நிக்கச் சொல்லுங்க. மூச்சு விடட்டும். உடம்பு எடையை இடது காலுக்கு, வலது காலுக்குன்னு மெதுவா மாத்தட்டும். "எந்தக் காலை முதல்ல வைக்கப் போறீங்க?"ன்னு மட்டும் கேளுங்க. தரையில பளிச்சுன்னு ஒரு கலர் டேப்பைக் குறுக்க ஒட்டி வச்சா, அதுவே மாடிப்படி விளிம்பு மாதிரி. அதைப் பார்த்துத் தாண்டலாம்.

பட்டன்: போடுறதுக்கு முன்னாடி கையை இறுக்கி மூடி, விரல்களை முழுசா விரிச்சு, பத்துத் தடவை. அப்புறம் பட்டன். நேரம் ஆகும். ஆகட்டும், நீங்க போட்டுவிடாதீங்க.

ஒரே நேரத்துல ரெண்டு வேலை: ஆரம்பத்துல நடக்கும்போது பேச்சுக் கொடுக்காதீங்க, கையில டம்ளரும் வேண்டாம். கவனம் பிரிஞ்சா அந்த இரண்டாவது வாய்க்காலும் அடைபடும்.

இந்தப் பயிற்சியெல்லாம் மாத்திரை நல்லா வேலை செய்யுற நேரத்துல பண்ணணும். எந்திரிச்சதும் தலை சுத்துதா, முன்ன விழுந்திருக்காங்களா, இதயப் பிரச்சினை இருக்கான்னு டாக்டர்கிட்டயும் பிசியோதெரபிஸ்ட்கிட்டயும் பேசிட்டுத்தான் ஆரம்பிக்கணும். பக்கத்துல ஒரு ஆள் கட்டாயம்.

பாட்டும் நடையும்

கண்ணுக்கு டேப் எப்படியோ, காதுக்குத் தாளம் அப்படி. 1996-ல வெளிவந்த ஒரு சின்ன ஆய்வுல, மூணு வாரம் தினமும் அரை மணி நேரம் தாளத்தோட கூடின இசையைக் கேட்டு நடந்தவங்களோட நடை வேகம் சுமார் 25 சதவீதம் கூடுச்சு. இசைக்கு எங்க பள்ளத்தாக்குல என்ன பஞ்சம்? இளையராஜா பிறந்த பண்ணைப்புரம் எங்களுக்குப் பக்கம்தான். அவங்க இப்ப நடக்கிற வேகத்தைவிடக் கொஞ்சம் மட்டும் வேகமான, தாளம் தெளிவாக் கேக்குற பாட்டாத் தேர்ந்தெடுக்கணும். ரொம்ப வேகமா இருந்தா கால் பின்னும்.

டாய் சி பத்தியும் கேள்விப்பட்டிருப்பீங்க. அமெரிக்காவுல 195 பேரை வச்சு 24 வாரம் நடந்த ஆய்வு 2012-ல வந்துச்சு. வெறுமனே உடம்பை நீட்டி மடக்குற பயிற்சி செஞ்சவங்களைவிட டாய் சி செஞ்சவங்க குறைவாவே விழுந்தாங்க, பேலன்ஸும் நல்லா இருந்துச்சு. "உத்தமபாளையத்துல டாய் சிக்கு யாருப்பா இருக்கா?"ன்னு பெரியம்மா கேட்டாங்க. நியாயம்தான். 150-க்கும் மேற்பட்ட ஆய்வுகள், கிட்டத்தட்ட 8,000 பேர், எல்லாத்தையும் சேர்த்து அலசிப் பார்த்தவங்க சொல்றது என்னன்னா, நடனமோ யோகாவோ டாய் சியோ வலுப் பயிற்சியோ, பெரும்பாலான பயிற்சிகள் உதவுது, ஒண்ணுக்கொண்ணு வித்தியாசம் பெருசா இல்லை. அப்போ எதை அவங்க விரும்பித் தொடர்ந்து செய்வாங்களோ அதுதான் நல்ல பயிற்சி. பொதுவா வாரத்துக்கு 150 நிமிஷம், கொஞ்சம் மூச்சு வாங்குற அளவுக்கு, சொல்றாங்க.

ஊர்ல யார் சொல்லித் தருவா?

நரம்பியல் டாக்டரைப் பார்க்க எங்க ஊர்ல நிறையப் பேர் மதுரைக்குத்தான் போவாங்க. தேனியில இருந்தே சுமார் 75 கிலோமீட்டர். அந்தப் பயணத்துலயே அன்னைக்குத் தெம்பு முடிஞ்சிடும். ஆனா பயிற்சிக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. தேனிக்குப் பக்கத்துல க.விலக்குல, எங்க வாயில கானாவிலக்கு, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கு. அதைவிடக் கிட்ட ஒண்ணு இருக்கு. 2021 ஆகஸ்ட் 5-ல தமிழ்நாடு அரசு தொடங்குன 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துல, பிபி, சுகர் மாத்திரை மட்டும் இல்லை, தேவைப்படுறவங்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கிறதும் சேர்த்தி. நிறையப் பேருக்கு இது தெரியாது. எங்களுக்கும் தெரியாது. பெரியம்மாவுக்கு பிபி மாத்திரை கொடுக்க வர்ற அக்காகிட்டப் பேச்சுவாக்குல சொல்லப் போய்த்தான் தெரிஞ்சுது. உங்க ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துல கேளுங்க, இல்லைன்னா 104-க்குப் போன் பண்ணிக் கேளுங்க.

வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் முதல்ல ஒண்ணு பண்ணாங்க. பெரியப்பா நடக்கிறதைப் போன்ல வீடியோ எடுத்து அவர்கிட்டயே காமிச்சாங்க. அவர் ரொம்ப நேரம் அதையே பார்த்தாராம். "நான் இப்படியா நடக்கிறேன்?"ன்னு கேட்டாராம். அடுத்து அண்ணனைக் கூப்பிட்டு, மாடிப்படி விஷயத்தை அவனுக்கு விளக்கியிருக்காங்க.

பொங்கலுக்குப் போனேன். நிலைப்படிக்கு முன்னாடி தரையில மஞ்சள் டேப். ஒட்டினது அண்ணன். சாயங்காலம் அப்பாவும் மகனும் வாய்க்காக்கரை ரோட்டுல நடக்கப் போறாங்க. அண்ணன் சட்டைப் பையில போன், அதுல ராஜா பாட்டு. பெரியப்பாவுக்குக் கை நடுக்கம் அப்படியேதான் இருக்கு. சில நாள் டேப்கிட்டயும் கால் நிக்குது. இந்த நோய் திரும்பிப் போகாதுன்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா சட்டையை அவரே போட்டுக்கிறார். அதுக்குக் கால் மணி நேரம் ஆகுது, யாரும் அவசரப்படுத்துறதில்லை. மாடிக்கும் போறார், அண்ணன் ஒரு படி பின்னாடியே போறான். அன்னைக்குச் சொன்ன வார்த்தைக்கு அவன் மன்னிப்புக் கேட்டானான்னு எனக்குத் தெரியாது. நான் கேக்கலை.

இதைக் கேட்டுக்கிட்டிருக்கிற உங்கள்ல நிறையப் பேர் சென்னையிலயோ பெங்களூர்லயோ இருப்பீங்க. அப்பா, அம்மா, தாத்தா, அம்மாச்சி எல்லாம் ஊர்ல இருப்பாங்க. வீட்ல யாருக்காவது பார்க்கின்சன் இருந்தா, இந்த வாரம் போன் பண்ணும்போது "ரெஸ்ட் எடுங்க"ன்னு சொல்லி வைக்காதீங்க. "இன்னைக்கு என்னென்ன வேலையை நீங்களே செஞ்சீங்க?"ன்னு கேளுங்க. அவங்க சொல்லி முடிக்கக் கொஞ்சம் நேரம் ஆகும், குரலும் சன்னமா இருக்கும். "இன்னும் சத்தமாப் பேசுங்க"ன்னு கேட்டு வாங்குங்க. அதுவும் ஒரு பயிற்சிதான்.

அடுத்த எபிசோட்ல சந்திக்கலாம்.